சான்றிதழுக்காகத் தொண்டா? தொண்டுக்காகச் சான்றிதழா?



நெடுநாளாக என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றை இன்று எழுதிவிடுவது என்று அமர்ந்திருக்கிறேன். படிப்பவர்களில் சிலருக்கு இது கசக்கலாம். முதலில் கசந்தது எனக்குத்தான்.

2025ஆம் ஆண்டு நோன்பு மாதத்தில் ஒரு மாலைப்பொழுது. ஜோர்ஜ்டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை வழியே நடந்துகொண்டிருந்தேன். பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி வாங்க மக்கள் வரிசை பிடித்து நின்றனர். கொதிக்கும் கஞ்சியை நெகிழிப் பைகளில் ஊற்றி, இரப்பர் வளையத்தால் கட்டி அடுக்கிக்கொண்டிருந்த இளைஞர்களில் ஒருவன் என்னைக் கண்டதும், "ஐயா!" என்று அழைத்தான். நான்கு ஆண்டுகளுக்கு முன் எங்கள் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு பயின்றவன். இப்போது இடைநிலைப்பள்ளியில் படிவம் நான்கு. வாய்ப்பாடு தெரியாமல் என்னிடம் அழுத அதே பையன், கையில் சூடு பட்டுச் சிவந்திருந்ததைக்கூடப் பொருட்படுத்தாமல் வேலை செய்துகொண்டிருந்தான். படிவம் ஒன்று முதலே ஒவ்வோர் ஆண்டும் நோன்பு மாதத்தில் வருகிறானாம்.

வேலை முடிந்ததும் என்னருகே வந்தான். சற்றுத் தயங்கியபின் ஒரு கேள்வி கேட்டான்.

"ஐயா, நான் செய்வது சமூகச் சேவையில் சேராதா?"

பள்ளியில் சமூகச் சேவைக்கான விவரங்களைப் பதியச் சொன்னபோது இதனைத் தெரிவித்திருக்கிறான். ஏற்பாட்டுக் குழுவின் சான்றிதழ் எங்கே, பதாகையுடன் எடுத்த படம் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டும் அவனிடம் இல்லை. கஞ்சி ஊற்றுகிறவன் எப்போது படம் எடுப்பான்? ஆகவே, அவனுடைய பதிவில் அந்த இடம் வெறுமையாகவே விடப்பட்டது.

எந்தப் பள்ளி, எந்த ஆசிரியர் என்பது இங்கு வேண்டாம். ஏனெனில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட வேண்டியவர்களுள் நானும் ஒருவன்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன் ஒரு கூட்டுத் துப்புரவுப் பணிக்கு நான் பொறுப்பாசிரியராக இருந்தேன். நாற்பது மாணவர்கள் வந்தார்கள். பதாகை வந்தது. சிறப்பு விருந்தினர் வந்தார். அரைமணி நேரம் உரை, அரைமணி நேரம் படம், அதன்பின் நாசி லெமாக் பொட்டலம். துடைப்பங்களில் பாதி தரையைத் தொடவே இல்லை. எல்லாம் முடிந்தபின் இடத்தைப் பெருக்கியவர் பள்ளியின் துப்புரவுத் தொழிலாளியான ஓர் அம்மா. ஆனால், நாற்பது பேருக்கும் சான்றிதழ் வழங்கப்பட்டது. அந்த நாற்பதிலும் கையொப்பமிட்டவன் நான்!

உழைத்தவனுக்கு ஒன்றுமில்லை, நின்றவனுக்குச் சான்றிதழ். இதைத்தான் நாம் நற்பண்புக் கல்வி என்று சொல்லிக்கொள்கிறோமா?

கணக்கின் கோளாறு

பெற்றோர்களில் பலர் அறிந்ததுதான். நம் நாட்டில் அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு கல்வி அடைவுக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கும் ஒதுக்கப்படுகிறது. பள்ளிகளில் உடற்கல்வி, விளையாட்டு, புறப்பாட மதிப்பீடு, அதாவது நாம் சுருக்கமாகச் சொல்லும் பி.ஏ.ஜே.எஸ்.கே., நடைமுறையில் உள்ளது. சமூகச் சேவைக்கும் அதில் ஓர் இடம் உண்டு.

அந்த நோக்கத்தை நான் குறை கூறவில்லை. ஏட்டுக்கல்வி மட்டும் போதாது என்று சொன்ன நல்ல எண்ணம் அது. ஆனால் புறப்பாடக் கணக்கு நடைமுறையில் எப்படி ஓடுகிறது? என்ன பதவி வகித்தாய், எந்த அளவில் பங்கேற்றாய் என்பதைக் கேட்கிறது. பள்ளி, மாவட்டம், மாநிலம், தேசியம் என்று படி ஏற ஏறப் புள்ளியும் ஏறுகிறது. போட்டி விளையாட்டுக்கு இது பொருந்தும். தொண்டுக்கு எப்படிப் பொருந்தும்? கஞ்சிப் பானைக்கு மாவட்ட அளவு, மாநில அளவு என்று உண்டா? தைப்பூசத்தில் தண்ணீர்ப்பந்தலின் பின்புறம் குவளை கழுவும் பெண்பிள்ளைக்குத் தேசிய நிலை எது?

இந்தப் படிக்கட்டுச் சிந்தனை நம் தலைக்குள் ஏறிவிட்டதால், தாளில் அடங்காத தொண்டு நம் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

எதிர்வாதங்கள்

இதனைச் சக ஆசிரியர்களிடம் பேசியபோது மூன்று மறுப்புகள் வந்தன. மூன்றையும் நேர்மையாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது: "புள்ளி இல்லாவிட்டால் ஒருவனும் வரமாட்டான்." இதில் ஓரளவு உண்மை உண்டு. தமிழர்கள் மிகுதியாக வாழும் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில், உயர்நிலைப்பள்ளிச் சான்றிதழ் பெற 40 மணி நேரச் சமூகத் தொண்டு கட்டாயம். இந்தியாவில் 1969இல் தொடங்கப்பெற்ற நாட்டு நலப்பணித் திட்டத்தில், இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும். ஆக, கணக்கு வைப்பது தவறன்று. அங்கே எண்ணப்படுவது உழைத்த நேரம் என்பதைக் கவனியுங்கள். அங்கும் ஏமாற்றுபவர்கள் இருக்கலாம். ஆனால், கேட்கப்படும் கேள்வியாவது சரியான கேள்வி. நாமோ படத்தை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

மேலும், புள்ளி இல்லாவிட்டால் யாரும் வரமாட்டார்கள் என்பவர்கள் 2017ஆம் ஆண்டு நவம்பர் 4, 5 ஆகிய நாள்களை நினைத்துப் பார்க்கட்டும். பினாங்கு வெள்ளத்தில் மூழ்கியது. உயிர்கள் போயின. மாநில அரசு இரவோடு இரவாக இராணுவத்தின் உதவியை நாடியது. வெள்ளம் வடிந்தபின் வீடுவீடாகச் சேற்றை அள்ளியவர்களில் பள்ளி மாணவர்கள் இல்லையா? அவர்களில் யார் சான்றிதழ் கேட்டார்கள்?

இரண்டாவது: "ஏழைப் பிள்ளைக்கு அந்தப் பத்து விழுக்காடு வாழ்வா சாவா என்ற நிலை. அதில் கைவைக்காதீர்கள்." நானும் அதைத்தான் சொல்கிறேன்! மாநில அளவிலான முகாமுக்குப் பேருந்துக் கட்டணமும் சீருடையும் வாங்கித்தர இயலாத வீட்டுப் பிள்ளைதான், தன் வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளிவாசலிலும் கோயிலிலும் முதியோர் இல்லத்திலும் உழைக்கிறான். அவன் உழைப்பை ஏற்க மறுத்துவிட்டு, வசதி உள்ளவனின் சான்றிதழ்க் கோப்பைப் பாராட்டுவது ஏழைக்கு எப்படி நன்மையாகும்?

மூன்றாவது: "உண்மைத் தொண்டன் பலனை எதிர்பார்க்க மாட்டானே, அவன் ஏன் கேட்கிறான்?" கேட்க அழகான வாதம், ஆனால் இரக்கமற்ற வாதம். அந்தப் பையன் புகழைக் கேட்கவில்லை. பொய்க்குப் புள்ளி தரும் இடத்தில், மெய்க்கு ஏன் இல்லை என்று கேட்கிறான். அது பேராசையன்று; நியாயம். பதினாறு வயதில் அந்த நியாயத்தை மறுத்தால், இருபத்தாறு வயதில் அவன் எதை நம்புவான்?

அந்தச் சாலை சொல்லும் பாடம்

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை ஒருமுறை நடந்து பாருங்கள். முன்பு பிட் தெரு எனப்பட்ட சாலை அது. தென்னிந்திய முஸ்லிம்களின் தலைவராக விளங்கிய காதர் மொகைதீன் 1801இல் தோற்றுவித்த பள்ளிவாசல் அங்கே நிற்கிறது. அதே சாலையில் சீனர்களின் கருணைத் தேவதை ஆலயம். பக்கத்துக் குயின் தெருவில் 1833இல் எழுந்த ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம். வடகோடியை ஒட்டி செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். அத்தேவாலயத்தோடு தொடர்புடைய ஹட்சிங்ஸ் பாதிரியாரின் முயற்சியால் 1816இல் தொடங்கிய பினாங்கு பிரீ பள்ளியில்தான் இந்நாட்டின் முதல் தமிழ் வகுப்பு நடந்தது. 2016இல் நாம் கொண்டாடினோமே, தமிழ்க்கல்வியின் இருநூறாம் ஆண்டு, அதன் தொடக்கம் இங்கேதான்.

இவற்றைக் கட்டியெழுப்பியவர்களில் கல்வெட்டில் பெயர் உள்ளவர் சிலர். கல் சுமந்தவர், தண்ணீர் இறைத்தவர், அடுப்பு மூட்டியவர் பலர். அந்தப் பலருடைய தொண்டினால்தான் இன்று நாம் தமிழாசிரியர் என்று நிமிர்ந்து நிற்கிறோம். அவர்களின் வாரிசாக ஒரு பையன் கஞ்சி ஊற்றும்போது, "படம் எங்கே?" என்று கேட்க நமக்கு நா எப்படி எழுகிறது?

என்ன செய்யலாம்?

ஆசிரியர்களுக்கு:

1. பதாகையும் படமும் வேலை முடிந்த பின்னரே. வேலை நடக்கவில்லையேல் சான்றிதழும் இல்லை. பெற்றோர் கேட்டாலும் இல்லை.

2. பிள்ளை தானாகச் செய்யும் தொண்டைத் தெரிவித்தால், நேரில் சென்று பாருங்கள். அரைமணி நேரம் போதும். ஆலயமோ பள்ளிவாசலோ இல்லமோ, பொறுப்பாளரிடம் ஒரு கடிதம் பெற்றுப் பதிய முயலுங்கள். அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்குவது பிள்ளையின் வேலையன்று, நம் வேலை.

3. மூன்று கேள்விகள் கேளுங்கள்: யாருக்குச் செய்தாய்? என்ன கற்றாய்? அடுத்த வாரமும் போவாயா? மூன்றாவது கேள்வியில் எல்லாம் விளங்கிவிடும்.

பெற்றோர்களுக்கு:

சான்றிதழ் கிடைக்குமா என்று கேட்பதற்கு முன், அங்கே பொறுப்பான பெரியவர்கள் இருக்கிறார்களா என்று கேளுங்கள். பிள்ளையின் பாதுகாப்பை உறுதிப்படுத்துங்கள். பிறகு தடுக்காதீர்கள். வீட்டுக்கு அருகில், மாதம் ஒருமுறையாவது, தொடர்ந்து செய்யட்டும். முடிந்தால் நீங்களும் உடன் செல்லுங்கள்.

அந்த மாலை அவன் கேள்விக்கு, "சேரும் தம்பி, கண்டிப்பாகச் சேரும்" என்றேன். அடுத்த வாரம் பள்ளிவாசல் பொறுப்பாளரைக் கண்டு ஒரு கடிதம் பெற்றுக் கொடுத்தேன். பள்ளி அதனை ஏற்றுக்கொண்டதா என்றால், இதுவரை இல்லை. மீண்டும் கேட்டிருக்கிறேன், கேட்டுக்கொண்டே இருப்பேன்.

எங்கள் பள்ளியில் அடுத்து நடந்த துப்புரவுப் பணிக்குப் பதாகை இல்லை. பதினேழு பேர்தான் வந்தார்கள். ஆனால், கால்வாய் சுத்தமானது. அந்தத் துப்புரவுத் தொழிலாளி அம்மா அன்று சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்.

நாற்பது சான்றிதழைவிட அது பெரிது என்பது என் கருத்து. சிந்திப்போம், மாணவர்களுக்கு முன் நாம் திருந்துவோம்.