வேலை திருப்பூரில்... ரேஷன் கார்டு பீகாரில்! எல்லோருக்கும் அரிசி தரும் தமிழ்நாட்டில் விடுபடுவது யார்?

கோவை, திருப்பூர் பக்கம் எந்த பனியன் கம்பெனி, ஸ்பின்னிங் மில், ஃபவுண்டரிக்குள் நுழைந்தாலும் இந்தியோ ஒடியாவோ காதில் விழாமல் இருக்காது. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்திலிருந்து வந்திருக்கும் இந்தத் தொழிலாளர்கள் இல்லாமல் பல இடங்களில் ஷிஃப்ட் ஓடாது. ஆனால் அவர்கள் தங்கியிருக்கும் தெருமுனை ரேஷன் கடையில் அவர்களுக்கு என்ன கிடைக்கும்? 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' தான் வந்தாச்சே, அப்புறம் என்ன பிரச்னை?

இதைப் புரிந்துகொள்ள கொஞ்சம் பின்னால் போகணும்.

யாருக்குக் கொடுப்பது?

உணவு மானியம் பற்றிய ஆய்வுகளில் அடிக்கடி வரும் ஒரு வாதம் உண்டு. 1993-ல் பொருளாதார நிபுணர்கள் ஜியோவானி ஆண்ட்ரியா கார்னியாவும் பிரான்சிஸ் ஸ்டூவர்ட்டும் இதைத் தெளிவாக வைத்தார்கள். ஏழைகளைப் பொறுக்கி எடுத்து உதவும்போது இரண்டு வகைத் தப்பு நடக்கும். ஒன்று, தேவையில்லாதவருக்கும் போய்விடுவது. இரண்டு, தேவைப்படுபவர் விட்டுப்போவது. அரசுகள் முதல் தப்பைப் பற்றியே கவலைப்படுகின்றன, இரண்டாவதைக் கணக்கில் எடுப்பதில்லை என்பதுதான் அவர்கள் சொன்னது.

1997-ல் மத்திய அரசு, வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரித்து ரேஷன் கொடுக்கத் தொடங்கியது. தமிழ்நாடு இந்தப் பிரிவினைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் ரேஷன் என்பதைத் தொடர்ந்தது. 2011 ஜூன் 1 முதல் அரிசி கார்டு வைத்திருக்கும் எல்லோருக்கும் அரிசி இலவசம். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை 2016 நவம்பரில் ஏற்றபோதும் இது மாறவில்லை. அந்தச் சட்டப்படி மத்திய ஒதுக்கீடு கிடைப்பது சுமார் 3.64 கோடி பேருக்குத்தான். மற்றவர்களுக்கான செலவின் பெரும்பகுதியை மாநிலமே சுமக்கிறது.

கோவைக்கு இதில் ஒரு பழைய தொடர்பும் இருக்கிறது. 1967-ல் அண்ணா ஆட்சிக்கு வந்ததும் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் முதலில் தொடங்கியது சென்னையிலும் கோவையிலும்தான்.

எல்லோருக்கும் கொடுப்பதில் நஷ்டமே இல்லையா? இருக்கு. வாளையார் வழியாகக் கேரளாவுக்குக் கடத்தப்படும் ரேஷன் அரிசி பிடிபடும் செய்தி கோவைக்காரர்களுக்குப் புதிதல்ல. ஆனாலும் யாரும் விட்டுப்போகக் கூடாது என்பதற்காக அந்த முதல் தப்பைத் தமிழ்நாடு பொறுத்துக்கொண்டது. இங்கேதான் சிக்கல். 'எல்லோரும்' என்றால் இங்கே கார்டு இருக்கும் எல்லோரும்.

கார்டு அங்கே, ஆள் இங்கே

தமிழ்நாடு 2020 அக்டோபர் 1-ல் ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு திட்டத்தில் சேர்ந்தது. அதன்படி, பீகார் கார்டில் பெயர் இருக்கும் ஒருவர் திருப்பூர் ரேஷன் கடையில் விரல் ரேகை வைத்து, தலைக்கு 5 கிலோ தானியம் வாங்கலாம். அது இப்போது இலவசம். ஆனால் அவ்வளவுதான். பக்கத்தில் நிற்பவர் 30 ரூபாய்க்கு வாங்கும் துவரம் பருப்பும், 25 ரூபாய் பாமாயிலும் இவருக்குக் கிடையாது. அவை மாநில அரசின் திட்டம், மாநில கார்டுக்கு மட்டும்.

அந்த 5 கிலோவையும் எத்தனை பேர் வாங்குகிறார்கள்? நாடு முழுக்க இந்தத் திட்டத்தில் நடக்கும் பரிவர்த்தனைகளில் பெரும்பகுதி ஒரே மாநிலத்துக்குள் நடப்பவை. மாநிலம் விட்டு மாநிலம் வந்து வாங்குவது மிகக் குறைவு.

காரணம் வெறும் விழிப்புணர்வுக் குறைவு என்று சொல்லிவிட முடியாது. மனைவி, குழந்தைகள் ஊரில் இருந்தால், கார்டு அங்கே இருப்பதே உபயோகம். தன் பங்கை மட்டும் இங்கே பிரித்து வாங்க விதி இடம் கொடுக்கிறது, ஆனால் வீட்டில் ஐந்து கிலோ குறையும். மில் ஹாஸ்டலில் தங்கி மெஸ்ஸில் சாப்பிடுபவருக்கு அரிசியை வாங்கி வைத்து என்ன பண்ணுவது, சமைக்க அடுப்பு இல்லையே! ஒரு அறையில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து சமைப்பவர்களுக்கு அரிசியைவிட, கடையில் விலை எகிறும் பருப்பும் எண்ணெயும்தான் பெரிய செலவு. திட்டம் கொடுக்காமல் விடுவது சரியாக அந்த இரண்டையும்தான்.

குடும்பத்தோடு வந்து தங்கிவிட்டால் இங்கேயே கார்டு வாங்கலாம். அதற்கு ஊர்க் கார்டில் பெயர் நீக்க வேண்டும், இங்கே முகவரிச் சான்று வேண்டும். வேலை நிலைக்குமா என்று தெரியாதவர் ஊர்க் கார்டை விடத் தயங்குவது நியாயம்தான்.

கார்டே இல்லாதவர்கள்

ஊரிலும் கார்டு இல்லை என்றால் இந்தத் திட்டத்தால் ஒரு பயனும் இல்லை. 2020 ஊரடங்கில் இது வெளிச்சத்துக்கு வந்தது. கார்டு இல்லாத 8 கோடி புலம்பெயர் தொழிலாளர்களுக்கு இரண்டு மாதம் தலைக்கு 5 கிலோ என்று மத்திய அரசு தனியாக அறிவிக்க வேண்டியிருந்தது. பிறகு வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தது. இ-ஷ்ரம் தளத்தில் பதிவு செய்தும் ரேஷன் கார்டு இல்லாத சுமார் 8 கோடி பேருக்குக் கார்டு கொடுக்கச் சொல்லி 2023-லும், மறுபடி 2024-லும் உத்தரவு வந்தது.

ஏன் இவ்வளவு பேர் வெளியே நிற்கிறார்கள்? உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் உச்சவரம்பு 81.35 கோடி பேர். அது 2011 மக்கள்தொகைக் கணக்கில் போட்டது. அதற்குப் பிறகு மக்கள்தொகை கூடியது, வரம்பு கூடவில்லை. இதனால் 10 கோடிக்கும் மேற்பட்டோர் விடுபடுகிறார்கள் என்று 2020-லேயே ஜீன் டிரீஸ், ரீத்திகா கேரா ஆகியோர் கணக்கிட்டார்கள்.

கார்டு கேட்காத இடங்கள்

அம்மா உணவகத்தில் யாரும் கார்டு கேட்பதில்லை. ஒரு ரூபாய் இட்லியும் ஐந்து ரூபாய் சாம்பார் சாதமும் யார் வந்து நின்றாலும் கிடைக்கும். அரசுத் தொடக்கப் பள்ளிகளின் காலை உணவுத் திட்டமும் அப்படித்தான். பிள்ளை வகுப்பில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி, அப்பாவின் கார்டு எந்த மாநிலம் என்பதல்ல. ஆனால் அம்மா உணவகங்கள் பெரும்பாலும் நகரங்களைச் சுற்றியே இருக்கின்றன. பல்லடம், அவிநாசி பக்கம் மில் ஹாஸ்டலில் இருப்பவர் அதற்காக பஸ் ஏறி வரப் போவதில்லை.

பருப்பு, எண்ணெயை வெளிமாநில கார்டுக்கும் கொடுத்தால் செலவு மாநிலத்தின் தலையில்தான் விழும். மத்திய அரசு பங்கு கொடுக்காமல் எந்த மாநிலமும் சட்டென்று ஒத்துக்கொள்ளாது.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாக வைத்து நடக்கிறது. அன்றைக்குத் திருப்பூரில் வசிக்கும் பீகார் தொழிலாளி திருப்பூரில்தான் எண்ணப்படுவார். புதிய உச்சவரம்பு அந்தக் கணக்கை வைத்து வந்தால் தமிழ்நாட்டின் எண்ணிக்கையில் அவரும் ஒருவர். அவருடைய ரேஷன் கார்டு மட்டும் அப்போதும் பீகாரில்தான் இருக்கும்.