பள்ளிக்கூடத்தில் அரசியல் கூடாதா?

"வாத்தியார் பாடத்தை நடத்தினால் போதும், பிள்ளைகளிடம் அரசியல் எதற்கு?" புதுக்கோட்டைப் பக்கம் பெற்றோர் கூட்டத்திலும் டீக்கடையிலும் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. நல்லெண்ணத்தில் சொல்கிறார்கள். ஆனாலும் இது பிள்ளைகளுக்குக் கேடு செய்யும் பேச்சு.

தேர்தல் வந்தால் ஆசிரியர்களாகிய எங்கள் வகுப்பறைதான் வாக்குச்சாவடி. பிள்ளைகள் எழுதும் பெஞ்சின் மேல் அட்டைத் தடுப்பு, அதற்குள் வாக்குப்பதிவு இயந்திரம். விரலில் மை வைப்பவரும் பெரும்பாலும் ஓர் ஆசிரியரே. பிளஸ் டூ முடித்த கையோடு அந்த வரிசையில் நிற்கப் போகிறவர்களுக்கு வாக்கின் பொருளை வகுப்பறையில் சொல்லித் தராவிட்டால் வேறு யார் சொல்வார்கள்? கைப்பேசியும் சாதிச் சங்கமும் சொல்லித் தரும்.

இந்த மாவட்டத்தின் பெருமையே அரசியலோடு சேர்ந்த கல்விதான். 1991இல் இங்கே தொடங்கிய அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கம் 'அ, ஆ'வோடு நிற்கவில்லை. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். கல்லுடைத்த கூலிப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியையே குத்தகைக்கு எடுத்தார்கள். அந்தப் பெண்களிடம் போய், எழுத்து வேறு, உரிமை வேறு என்று யாராவது சொல்ல முடியுமா?

இதே மாவட்டத்தில்தான், 2022 டிசம்பரில் வேங்கைவயலில், பட்டியலின மக்களுக்குக் குடிநீர் தந்த மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. பிள்ளைகள் உடம்புக்கு முடியாமல் படுத்த பிறகே அது வெளிப்பட்டது. நம் பாடநூல்களிலேயே தீண்டாமை பெருங்குற்றம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். அரசமைப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்திருக்கிறது. அவற்றை மனப்பாடம் செய்யவைத்துவிட்டு வேங்கைவயலைப் பற்றி வாய் திறக்காத ஆசிரியர் நடுநிலையாளர் அல்லர், அநீதிக்குத் துணைபோகிறவர்.

கட்சிக்கு ஓட்டுக் கேட்கும் ஆசிரியரை நடத்தை விதிகள் தடுக்கின்றன. தடுக்கத்தான் வேண்டும். கட்சிப் பிரசாரம் வேறு. ரேஷன் கடை, நூறு நாள் வேலை, குடிதண்ணீர் ஆகியவை யார் முடிவால் வருகின்றன, யார் முடிவால் நிற்கின்றன என்று விளக்குவது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புவதால் லாபமடைகிறவர்கள், கேள்வி கேட்கப்படுவதை விரும்பாதவர்களே.

பெற்றோர்களே, ஜனவரி 26 அன்று பள்ளியில் கொடியேற்றி மிட்டாய் வாங்கியதும் பிள்ளை வீடு திரும்ப வேண்டாம். அன்று ஊரில் கூடும் கிராமசபைக்கு அழைத்துப் போங்கள். ஊராட்சி வரவுசெலவு வாசிக்கப்படும்போது உங்கள் பக்கத்தில் உட்காரட்டும். மறுநாள் அந்தப் பிள்ளை கேட்கும் கேள்விகளுக்கு வகுப்பில் பதில் சொல்வது எங்கள் கடமை. அதைத் தடுக்காதீர்கள்.