கலகத்தால் போன உரிமை அல்ல

ஊவா, வெல்லஸ்ஸைச் சனங்கள் கலகம் செய்யாமல் பொறுத்திருந்தால் கண்டியின் தனியுரிமைகள் தப்பியிருக்குமாம். மதுரங்குளிச் சந்தியிலும் இந்தப் பேச்சுத்தான், படித்தவர்கள் மேடையிலும் இதே பேச்சுத்தான். அடிபட்டவன் தலையிலேயே பழியைப் போடும் இந்தப் பொய்யை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

1815 மார்ச் 2இல் ஆங்கிலேயர் கண்டிப் பிரதானிகளோடு எழுதிய கண்டி உடன்படிக்கை, பிரதானிகளின் உரிமையையும் பௌத்தத்தையும் ஊர் வழக்கங்களையும் காப்பதாக வாக்களித்தது. ஆனால் 1817இல் வெல்லஸ்ஸையில் மாகாணத் தலைவரான திசாவையின் அதிகாரத்தை வெட்டி, பொதிமாட்டுக்காரரைத் தனி முகாந்திரம் ஒருவரின் கீழ் வைத்தது ஆங்கில அரசு. கலகம் வெடித்தது அதற்குப் பிறகு. ஊவாவின் வயல்களை எரித்து அதை அடக்கினார்கள். 1818 நவம்பர் 21இல் தேசாதிபதி பிரவுன்றிக் விடுத்த பிரகடனம், வெள்ளை அதிகாரி எதிர்ப்பட்டால் பிரதானிகளும் நடுவழியை விட்டு ஒதுங்க வேண்டும், உட்கார்ந்திருந்தால் எழுந்து வணங்க வேண்டும் என்றது.

அதன்பின் பல வருடங்களுக்குப் பெருங்கலகம் ஏதும் இல்லை. அப்படியென்றால் மிச்சம் பிழைத்திருக்க வேண்டுமே? 1833இல் கோல்புறூக், கமரன் என்ற ஆணையாளர்களின் சிபாரிசுப்படி கண்டியின் தனி நிர்வாகத்தையே கலைத்தார்கள். நுவரகலாவிய வடக்கோடு போனது. ஏழு கோறளை நம்முடைய புத்தளத்தோடு மேல் மாகாணத்தில் சேர்ந்தது. தீவு முழுவதையும் செலவு குறைத்து ஒரே கையால் ஆள நினைத்தவர்களுக்குக் கண்டியர் அமைதியாக இருந்ததும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

இது கண்டியின் கதை மட்டுமல்ல. அதே 1815இல் போலந்தின் ஒரு பகுதிக்கு ரஷ்யச் சக்கரவர்த்தி முதலாம் அலெக்சாண்டர் அரசியலமைப்பும் பாராளுமன்றமும் தனிப் படையும் கொடுத்தார். படைத் தலைமை மட்டும் அவருடைய தம்பி கொன்ஸ்தந்தீனின் கையில். 1819இல் பத்திரிகைத் தணிக்கை வந்தது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய பாராளுமன்றத்தை 1820க்குப் பின் 1825வரை கூட்டவேயில்லை. போலந்துக்காரர் ஆயுதம் எடுத்ததோ 1830 நவம்பரில். 1832இல் பாராளுமன்றமும் படையும் ஒழிந்ததற்கு அந்த எழுச்சியைக் காரணம் காட்டுகிறவர்கள், அதற்கு முந்திய பத்து வருடத்தை ஏன் விழுங்கிவிடுகிறார்கள்?

இன்னும் நம்பாதவர்கள் பின்லாந்தைப் பார்க்கட்டும். அதுவும் 1809 முதல் அதே ரஷ்யாவின் கீழ்த் தன்னாட்சி பெற்றிருந்த நாடு. 1863இல் போலந்து மறுபடி எழுந்தபோதும் அது அசையவில்லை. அப்படியிருந்தும் 1899 பெப்ரவரியில் சக்கரவர்த்தி இரண்டாம் நிக்கலஸ், பேரரசின் நலனைத் தொடும் சட்டங்களில் அதன் சட்டசபையை வெறும் ஆலோசனைச் சபையாக்கினார். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பின்லாந்து மக்கள் கையெழுத்திட்ட மனுவோடு 500 பேர் ரஷ்யத் தலைநகருக்குப் போனார்கள். சக்கரவர்த்தி அவர்களைச் சந்திக்கவே மறுத்துவிட்டார்.