ஒரே நாளில் இரண்டு மசோதாக்கள்

2023 ஏப்ரல் 21ந் தேதி தமிழ்நாடு சட்டமன்றக் கூட்டத்தொடரின் கடைசி நாள். அன்று இரண்டு மசோதாக்கள் நிறைவேறின. ஒன்று ஆலைத் தொழிலாளியின் வேலை நேரத்தைப் பற்றியது. மற்றொன்று கிராமத்து ஏரியையும் ஓடையையும் மேய்ச்சல் நிலத்தையும் தொடுவது. முதலாவது பத்தே நாளில் வாபஸானது. இரண்டாவது சட்டமாகி, 2024 அக்டோபரில் அமலுக்கும் வந்தது. ஒரே சபை, ஒரே நாள். ஏன் இந்த வித்தியாசம்?

தொழிற்சாலைச் சட்டத்தில் புதிய ஷரத்து ஒன்றைப் புகுத்தி, 12 மணி நேர வேலைக்கு வழி திறந்தது முதல் மசோதா. இதைப் புரிந்துகொள்ள மில் தொழிலாளிக்கு வக்கீல் தேவைப்படவில்லை. காலை ஷிப்டு எப்போது முடியும், வீட்டுக்கு எப்போது போவோம் என்று கணக்குப் போட்டான், விஷயம் விளங்கிவிட்டது. ஆளும் கட்சியின் தோழமைக் கட்சிகளே சபையிலிருந்து வெளிநடப்புச் செய்தன. கொடி வேற்றுமை பாராமல் சங்கங்கள் எழுந்தன. ஏப்ரல் 24ல் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று முதலமைச்சரே வாபஸை அறிவித்தார்.

இரண்டாவதன் பெயர் தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) சட்டம். பெயரைக் கேட்டால், துண்டுதுண்டாகச் சிதறிக் கிடக்கும் ஏழை விவசாயியின் நிலத்தை ஒன்றுசேர்த்துக் கொடுக்கப்போகிறார்கள் என்று தோன்றும். பெயர் சூட்டுவதில் சர்க்கார்கள் என்றைக்குமே கெட்டிக்காரர்கள்!

உள்ளே இருப்பது வேறு. ஒரு கம்பெனி தன் திட்டத்துக்கு 100 ஹெக்டேருக்குக் குறையாத, அதாவது சுமார் 247 ஏக்கர் நிலப்பரப்பைக் கேட்கிறது. அதன் நடுவே ஏரியோ, ஓடையோ, வாய்க்காலோ குறுக்கிடுகிறது. சர்க்கார் மனம் வைத்தால் அதைச் 'சிறப்புத் திட்டம்' என்று அறிவிக்கலாம். நிபுணர் குழு ஒன்று அமையும், ஆட்சேபணைகளைக் கேட்கும், அறிக்கை கொடுக்கும். கடைசி முடிவு சர்க்காரிடம். தொழில், வணிகம், உள்கட்டமைப்பு, விவசாயம் என்று எந்தத் திட்டமும் இதற்குள் அடங்கும்.

நீர்நிலையின் கொள்ளளவு குறையக்கூடாது, நீரோட்டம் தடைப்படக்கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் ஏரி என்பது தண்ணீரின் கன அளவு மட்டும்தானா? கம்பெனியின் எல்லைக்குள் போன ஏரியில் தண்ணீர் பழைய அளவிலேயே நிற்கட்டும். அங்கே ஆடு இறங்குமா? அறுப்பு இல்லாத மாதங்களில் மீன் பிடித்து நாலு காசு பார்க்கும் குடும்பம் வலை வீசுமா? கரையில் முள் வெட்டி அடுப்பெரிக்கும் பெண்ணைக் காவல்காரன் உள்ளே விடுவானா? கொள்ளளவை அளக்க இஞ்சினீயர் இருக்கிறார். இதை அளப்பது யார்?

விவசாயத் தொழிலாளிக்கு ஆபத்து இங்கேதான் இருக்கிறது. பட்டாக்காரனுக்குக் காகிதம் உண்டு. பேரம் பேசலாம், நஷ்டஈடு கேட்கலாம், கோர்ட்டுக்குப் போகலாம். கூலிக்காரனுக்கு வயலில் வேலை உண்டு, பத்திரம் கிடையாது. புறம்போக்கில் பிழைப்பு உண்டு, ரசீது கிடையாது. வயல் கை மாறினால் கூலி போகும். புறம்போக்கு போனால் ஆடும் போகும். எந்தக் கணக்கிலும் அவன் 'பாதிக்கப்பட்டவன்' என்று வரமாட்டான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1961ல் வந்த நில உச்சவரம்புச் சட்டம், ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று வரம்பு கட்டியது. 1970ல் அது 15 ஆகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டது உபரி, நிலமற்றவனுக்குப் போகவேண்டும். பினாமிப் பெயர்களிலும் விதிவிலக்குகளிலும் அந்த உபரி எப்படிக் கரைந்தது என்பது கிராமத்துக் குழந்தைக்கும் தெரியும். புதிய சட்டத்திலோ 247 ஏக்கருக்குக் குறைந்தால் கதவே திறக்காது! நிலமற்றவனுக்காக வந்த சட்டம் மேல்வரம்பு கட்டியது. கம்பெனிக்காக வந்த சட்டம் கீழ்வரம்பு கட்டுகிறது.

ஆலைத் தொழிலாளி ஜெயித்ததற்குக் காரணம் சிக்கலானதல்ல. அடி எல்லா ஆலை வாசலிலும் ஒரே நேரத்தில் விழ இருந்தது; வாசலில் சங்கமும் இருந்தது. நிலச் சட்டம் அப்படி வராது. இன்று ஒரு தாலுகா, அடுத்த வருஷம் வேறொரு தாலுகா, சர்வே நம்பரோடு அறிவிப்பாக வரும். அடிபடும் ஊர் தனியாக நிற்கும்; பக்கத்து ஊர் வேடிக்கை பார்க்கும். 1952ல் தஞ்சையில் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது ராஜாஜியின் கருணையினால் அல்ல. அதற்கு முன்பே பல ஆண்டுகளாகச் சேரிதோறும் சங்கம் கட்டப்பட்டிருந்தது. அப்படியிருந்தும் சட்டத்துக்குப் பயந்து பண்ணையாட்களை நீக்கி, அன்றாடக் கூலிகளாக்கிய மிராசுதாரர்கள் உண்டு. சங்கம் பலமாக நின்ற ஊரில் அது சுலபமாக நடக்கவில்லை.

இந்தச் சட்டத்தை ரத்துச் செய்யவேண்டும் என்பது நமது கோரிக்கை. அதுவரை சும்மா இருக்க முடியாது. ஆட்சேபணை கேட்கும் கூட்டம் ஜில்லா தலைநகரில் அல்ல, அந்தந்த ஊரிலேயே நடக்கவேண்டும். நிலமற்ற குடும்பங்களின் பெயர்களும், அவை ஏரியையும் புறம்போக்கையும் கொண்டு பிழைக்கும் விவரமும் குழுவின் அறிக்கையில் ஏறவேண்டும். ஆலையில் வேலை செய்யும் தோழர்களில் அநேகருக்கு ஊர் உண்டு. ஊரில் தாய் தகப்பன் உண்டு. மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஜனவரி 26 தேதிகளில் கிராமசபை கூடுகிறது. லீவு நாள்தான், ஊருக்குப் போங்கள். போவதற்கு முன்பே ஏரி, ஓடை, மேய்ச்சல் புறம்போக்கு ஆகியவற்றின் சர்வே நம்பர்களைக் கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டில் பார்த்துக் குறித்துவையுங்கள். 'இந்த நம்பர்களை எந்தச் சிறப்புத் திட்டத்திலும் சேர்க்கக்கூடாது' என்று தீர்மானம் எழுதி, சபையில் நிறைவேற்றி, நகலைக் கையோடு வாங்கி வாருங்கள்.