ஒரே எண், இரு கார்கள்

இந்தியாவின் ஸ்போர்ட்ஸ் கார் என்ற பெருமிதத்துடன் 2012-ல் தில்லி வாகனக் கண்காட்சியில் அறிமுகமாகி, பின்னர் புணேயில் தயாரானது டி.சி. அவந்தி. விற்றவை ஏறத்தாழ 120 கார்களே என்றும், அவற்றில் பலவற்றின் மீது ஒன்றுக்கு மேற்பட்ட கடன்கள் பெறப்பட்டதாகவும் குற்றஞ்சாட்டி, அதன் வடிவமைப்பாளர் திலீப் சாப்ரியாவை மும்பை போலீஸார் 2020 டிசம்பரில் கைது செய்தனர். குற்றம் நடந்ததா என்பதை நீதிமன்றம்தான் முடிவு செய்ய வேண்டும். (வழக்கை விசாரித்த அதிகாரி சச்சின் வஜேயே 2021 மார்ச்சில் வேறொரு வழக்கில் கைதானார் என்பது தனிக் கதை.)

நமது கவலை வேறு. மும்பையில் சோதனையிடப்பட்ட அந்த கார் தமிழகத்தில் பதிவானது. அதே என்ஜின், சேசிஸ் எண்களுடன் ஹரியாணாவிலும் ஒரு கார் பதிவாகியிருந்தது என்கிறது போலீஸ். இரு மாநிலப் பதிவு அலுவலகங்களும் இதைக் கவனிக்கவில்லையா?

கார் நிறுவனங்கள் மாதந்தோறும் அறிவிக்கும் விற்பனை பெரும்பாலும் ஆலையிலிருந்து டீலர்களுக்கு அனுப்பிய எண்ணிக்கைதான். சாலைக்கு வந்தவை எத்தனை என்பதற்கு அரசுப் பதிவேடே சான்று. அதை நம்பித்தான் நிதி நிறுவனங்கள் கடன் தருகின்றன. பழைய கார் வாங்குவோர் பணம் கொடுக்கின்றனர். எனவே, பழைய பதிவுகள் அனைத்தையும் மாநிலங்களுக்கிடையே ஒப்பிட்டு, இரட்டை எண்களின் பட்டியலை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட வேண்டும்.