சாவி என்னிடம் இல்லை

ஆடிப்பட்டம் நெருங்கினால் ஏரியூர்ப் பக்கம் நகைக்கடனுக்குக் கூட்டம் கூடிவிடும். நிலக்கடலை விதைக்கு, உழவுக்கூலிக்கு, பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக் கிளம்பும் மகனின் கைச்செலவுக்கு என்று காதிலும் கழுத்திலும் கிடப்பதைக் கழற்றிக்கொண்டு வருவார்கள். அதை உரைகல்லில் உரசி, திராவகம் தொட்டு, கல் எடையைக் கழித்து, நிகர எடையைச் சீட்டில் எழுதிக் கொடுப்பது இருபத்திரண்டு ஆண்டுகளாக என் தொழில். நகை மதிப்பீட்டாளர் என்பார்கள். ஊருக்கு நான் ஆசாரி. வங்கியில் உட்கார்ந்திருந்தாலும் எனக்கு மாதச் சம்பளம் கிடையாது. கடனுக்கு இவ்வளவு என்று கமிஷன்தான்.

நான் எழுதிக் கொடுத்ததும் நகை பொட்டலமாகி இரும்புப் பெட்டகத்துக்குள் போய்விடும். அந்தப் பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று மேலாளரிடம், இன்னொன்று வேறொரு அதிகாரியிடம். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். எனக்கென்று மூன்றாவது சாவி கிடையாது.

வேறொரு ஊரில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு கிளையில், சில காலம் வேலை பார்த்தேன். ஒருநாள் மத்தியானம் மேலாளர் ஏழு சீட்டுகளை என் முன்னால் வைத்தார். "கையெழுத்துப் போட்டு வையுங்க ஆசாரி, நகை சாயங்காலம் வந்துடும்." "பார்க்காத நகைக்கு எப்படிங்க சார் போடறது?" என்றேன். அடுத்த மாதம் என் நாற்காலியில் வேறொரு பையன் இருந்தான். இரண்டு வருடம் கழித்துத் தணிக்கையில் பொட்டலங்களைப் பிரித்தபோது உள்ளே கவரிங். அன்று ராத்திரியே போலீஸ் அந்தப் பையனை அழைத்துப் போனது. மேலாளருக்கு இடமாற்றம். அந்தப் பெட்டகத்திலிருந்த பொட்டலங்களை எண்ணிப் பார்த்து ஒவ்வொரு ஆண்டும் 'சரி' என்று கையெழுத்திட்ட மேலதிகாரியை யாரும் கூப்பிட்டுக்கூடக் கேட்கவில்லை.

பையன் குற்றமற்றவன் என்று நான் வாதாட வரவில்லை. பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால் அது குற்றம்தான். ஆனால் இரண்டு சாவிக்காரர்கள் இல்லாமல் அந்தக் குற்றம் நடந்திருக்கவே முடியாது.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1860-ல் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 409-வது பிரிவு, நம்பிக்கை மோசடி செய்யும் அரசு ஊழியரோடு 'வங்கியாளர்' என்ற சொல்லையும் சேர்த்தே வைத்தது. ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம். இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 316-வது பிரிவாக அது இருக்கிறது. தனியார் வங்கித் தலைவர் அரசு ஊழியர் இல்லையே என்ற தப்பும் வழியையும் குளோபல் டிரஸ்ட் வங்கி வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றம் அடைத்துவிட்டது. ஊழல் தடுப்புச் சட்டத்தைப் பொறுத்தவரை அவரும் பொது ஊழியரே என்றது. ஆனால் 2018-ல் அதே சட்டத்தில் 17ஏ பிரிவு வந்தது. பொது ஊழியர் எடுத்த முடிவைப் பற்றி விசாரணை தொடங்கவே முன் அனுமதி வேண்டுமாம். கமிஷனுக்கு உட்கார்ந்திருக்கும் ஆசாரியைப் பிடிக்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

வங்கிக்காரர்களின் பயம் எனக்குத் தெரியும். மழை பொய்த்துக் கடலை காய்ந்து கடன் வராமல் போனால், கடன் கொடுத்த மேலாளரைச் சிறையில் தள்ளக் கூடாது. தள்ளினால் அடுத்த வருடம் எங்கள் ஊரில் ஒருவருக்கும் கடன் கிடைக்காது. நான் தண்டனை கேட்பது பொய்க் கணக்குக்கு. மும்பையின் பி.எம்.சி. கூட்டுறவு வங்கியில், ஒரே கட்டுமானக் குழுமத்துக்குப் போன கடனை மறைக்க 21,049 போலிக் கணக்குகள் எழுதியதாகப் புகார் பதிவானது. 2019 செப்டம்பரில் அங்கே பணம் போட்டிருந்தவர்களிடம், ஆறு மாதத்துக்கு ஆயிரம் ரூபாய்தான் எடுக்கலாம் என்றார்கள். இருபத்தோராயிரம் கணக்கு, மேலிடத்துக்குத் தெரியாமல் முளைக்குமா?

பெரியவர்களைத் தொட முடியாது என்று டீக்கடையில் யாராவது சொன்னால் நான் வாச்சாத்தியைச் சொல்வேன். எங்கள் மாவட்டம்தான். 1992-ல் அந்த மலைவாழ் கிராமத்தில் வனத்துறையினரும் போலீசாரும் நடத்திய கொடுமைக்கு, 2011-ல் தருமபுரி நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. அதில் இந்திய வனப்பணி அதிகாரிகளும் உண்டு. 2023-ல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பத்தொன்பது வருடம் அந்த மலைவாழ் மக்களை அலைய விட்டது பெரும் பாவம். ஆனாலும் சீருடையையும் பதவியையும் பார்த்து அந்தத் தீர்ப்பு ஒதுங்கிப் போகவில்லை.

ஐஸ்லாந்தில் 2008-ல் வங்கிகள் கவிழ்ந்தபோது விசாரணை வழக்கறிஞர் பதவிக்கு முதலில் யாருமே விண்ணப்பிக்கவில்லை. கடைசியில் அக்ரனெஸ் என்ற சிறிய மீன்பிடி ஊரின் காவல் அதிகாரி ஓலாஃபுர் ஹவுக்சன் வந்தார். அவர் நடத்திய வழக்கில் காவ்ப்திங் வங்கியின் தலைமை நிர்வாகிக்கு ஐந்தரை ஆண்டு சிறை கிடைத்தது. பென்னாகரம் காவல் நிலையத்து அதிகாரிக்கும் அந்தத் திறமை இருக்கும். பெட்டகச் சாவிப் பதிவேட்டை வாங்கிப் பார்த்து, அதில் கையெழுத்திட்டவர்களையும் அவர்களுக்கு மேலே 'சரி' போட்டவர்களையும் முதல் தகவல் அறிக்கையில் சேர்க்கும் அதிகாரத்தை அவருக்குத் தடையில்லாமல் கொடுக்க வேண்டும்.

போன மாதம் அந்தப் பையனின் மனைவி வீட்டுக்கு வந்தது. வக்கீலுக்குப் பணம் வேண்டும் என்று அவனுடைய உரைகல்லைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தது. பணம் கொடுத்தேன். வாய்தா முடிந்து அவன் வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று கல்லை என் கல்லுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.