குழாயும் கூச்சமும்

நோயைப் பற்றி நம்மவர் பேசாத நாளில்லை. நீரிழிவா, இரத்தக் கொதிப்பா, இதய வலியா, எதுவாயினும் திருமண வீட்டில் சஹன் தட்டைச் சுற்றி அமர்ந்தபடியே விரிவாகப் பேசுவார்கள். சர்க்கரை எத்தனை, மாத்திரை எத்தனை என்பதெல்லாம் ஊரறிந்த செய்தி. ஆனால் ஒரேயொரு துன்பத்தைப் பற்றி மட்டும் வாய் திறப்பார் இல்லை. சிறுநீர் அடைத்து, மருத்துவமனையில் குழாய் செருகப்பட்டு, கையில் ஒரு பையோடு வீட்டுக்கு அனுப்பப்பட்ட முதியவரின் துன்பமே அது. அவரைப் பின்கட்டு அறையில் படுக்க வைக்கிறோம். பார்க்க வருவோரிடம் 'வாப்பாவுக்கு உடம்பு சரியில்லை' என்று மட்டும் கூறி வாசலோடு அனுப்பி விடுகிறோம்.

இந்த மௌனத்தை நாணம் என்று சொல்லிப் பெருமை கொள்வோர் உண்டு. இறைநம்பிக்கையோடு சேர்த்தே மார்க்கம் நாணத்தைப் பேசுகிறது. அதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் நோயாளி தவிக்க, நாம் வாய் மூடியிருப்பதற்கு நாணம் என்று பெயரில்லை; அலட்சியம் என்றே பெயர். மார்க்கத்தைக் கற்றுத் தெளிவதற்கு நாணம் தடையாக நிற்கவில்லை என்பதற்காக அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டினார்கள். அந்தப் பெண்கள் தயங்காமல் கேட்டதை நம் ஆண்மக்கள் கேட்கக் கூசுகிறார்கள் என்றால் இதை என்னவென்று சொல்வது?

பிறரைக் குறை கூறுமுன் நம்மையே கூண்டில் நிறுத்துவது நீதி. மதரஸாவில் ஆண்டுதோறும் நாம் ஃபிக்ஹுப் பாடம் நடத்துகிறோம். தூய்மை பற்றிய பகுதியில் தொடர் உதிரப்போக்குள்ள பெண்ணுக்கும், சிறுநீர் கட்டுப்படாதவருக்கும் உரிய சட்டங்கள் வருகின்றன. பன்னிரண்டு வயதுச் சிறுவன் அவற்றை மனனம் செய்து ஒப்பிக்கிறான். ஆனால் அந்தச் சட்டம் எவருக்குத் தேவையோ, அந்த முதியவருக்கு நாம் ஒரு ஜும்ஆ நாளிலும் அதை எடுத்துச் சொன்னதில்லை. புராஸ்டேட் சுரப்பி வீங்கி நமக்கே நீர் அடைத்தபோதுதான் இந்தக் குற்றம் நம் நெஞ்சில் தைத்தது. ஏழு வாரங்கள் நாமும் குழாயும் பையுமாக வீட்டில் இருந்தோம். இதைச் சொல்ல நமக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆகவேதான் சொல்கிறோம்.

குழாயைப் போட்டவர்கள் இரண்டு நிமிடங்களில் பேச்சை முடித்துக் கொண்டார்கள். பை நிறைந்தால் கொட்டுங்கள், சொன்ன தேதிக்கு வாருங்கள் என்பதே நமக்குக் கிடைத்த முழு உபதேசம். முதல் இரவே அடிவயிறு சுண்டி இழுத்தது. சிறுநீர் முட்டுவது போன்ற உணர்வு. பையைப் பார்த்தாலோ நீர் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. பொறுக்காமல் முக்கினோம். குழாயின் ஓரமாகக் கசிந்து கைலி நனைந்தது. வலியைவிட, நஜீஸில் கிடக்கிறோமே என்ற எண்ணமே நம்மை அதிகம் வாட்டியது. மறுநாள் முதல் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தோம். பை நிறையாதல்லவா! எத்தகைய மடமை அது என்பதை, ஒரு செவிலியர் வீட்டுக்கு வந்து பொறுமையாக விளக்கிய பின்னரே உணர்ந்தோம். அந்த விளக்கம் முதல் நாளே கிடைத்திருந்தால் நம் துன்பத்தில் பாதி குறைந்திருக்கும். எனவே அறிந்ததை இங்கே எழுதி வைக்கிறோம்.

குழாய் நழுவி விடாமலிருக்க அதன் நுனியில் சிறிய பலூன் ஒன்று உண்டு. அமெரிக்க மருத்துவர் ஃபிரெடரிக் ஃபோலி 1930களில் வடிவமைத்த முறை இது. அவர் பெயராலேயே இக்குழாய் இன்றும் வழங்குகிறது. சிறுநீர்ப்பைக்குள் சென்றதும் பலூனில் வழக்கமாக 10 மில்லி அளவு தூய நீரை ஏற்றுகிறார்கள். அந்தப் பலூன் பையின் அடிப்பகுதியை உரசும்போது, 'நிறைந்து விட்டது, வெளியேற்று' என்று பை தவறாக எண்ணிச் சுருங்குகிறது. நாம் கண்ட இழுப்பும் பொய்யான முட்டலும் கசிவும் இதன் விளைவே. முக்குவது நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதாகும். உடலைத் தளர்த்தி, மெல்ல மூச்சு விட்டு அமர்ந்திருந்தால் அலை தணியும். பலருக்குச் சில நாட்களில் இது குறைகிறது. குறையாவிட்டால் அந்தச் சுருக்கத்தைத் தணிக்க மருந்து இருக்கிறது. ஆனால் அம்மருந்து முதியவர்களுக்கு வாய் வறட்சியையும் மலச்சிக்கலையும் மனக்குழப்பத்தையும் தரக்கூடும் என்பதால், மருத்துவர் சொல்லாமல் உட்கொள்ளலாகாது.

கசிவு கண்டவுடன், இன்னும் பெரிய குழாயைப் போடுங்கள் என்று வற்புறுத்துவோர் உண்டு. இது தவறு. குழாயின் பருமனைக் குறிக்கும் எண்ணில் மூன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கு. பெரியவர்களுக்குப் பொதுவாக 12 முதல் 16 வரையுள்ள குழாயே போதுமானது. பருமன் கூடக்கூட உறுத்தலும் இழுப்பும் கூடுமே தவிரக் குறையா. கசிவுக்குக் காரணம் பெரும்பாலும் வேறு: குழாய் மடங்கியிருக்கலாம், மலச்சிக்கல் இருக்கலாம், குழாயினுள் படிவு அடைத்திருக்கலாம். மலம் இறுகினால் குடல் சிறுநீர்ப்பையையும் குழாயையும் நெருக்கும். ஆதலால் பழமும் கீரையும் போதிய நீரும் இந்நோயாளிக்கு மருந்துக்கு ஒப்பானவை. தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் செறிந்து எரிச்சல் மிகும். படிவும் கிருமியும் பெருகும். இதய நோயோ சிறுநீரக நோயோ காரணமாக மருத்துவர் தடுத்திருந்தாலன்றி, நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை பருகுவது நன்று.

இனி, குழாய் இழுபடுவதே வலியின் பெரும் காரணம். அதைத் தொடையில் பட்டையாலோ பிளாஸ்திரியாலோ சற்றுத் தளர்வு விட்டுப் பொருத்த வேண்டும். இன்று வலத் தொடை என்றால் நாளை இடத் தொடை என மாற்றிக்கொண்டால் ஒரே இடம் புண்ணாகாது. பையை எப்போதும் இடுப்புக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல் தொங்கவிட வேண்டும். மேலே தூக்கினால் நீர் பின்னோக்கித் திரும்பும். பை பாதியளவோ சற்று மேலோ நிறைந்ததும் காலி செய்து விடவேண்டும். பாரம் கூடினால் அது குழாயை இழுக்கும். பகலில் காலில் கட்டும் சிறிய பை, இரவில் அதனோடு இணைக்கும் பெரிய பை என்று இருவகை உண்டு. கைலி உடுப்பவருக்குக் காலில் கட்டும் பை வெளியே தெரியவும் செய்யாது. குழாயைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் கை கழுவுதல் கட்டாயம். குழாய் நுழையும் இடத்தை நாள்தோறும் மென்மையான சோப்பும் நீரும் கொண்டு, உடலிலிருந்து வெளிநோக்கித் துடைத்தால் போதும். பவுடரும் எண்ணெயும் கிருமிநாசினியும் அங்கே வேண்டா. மேலே நீர் ஊற்றிக் குளிக்கலாம். குளத்தில் மூழ்குவது ஆகாது.

சிறுநீர் சற்றுக் கலங்கியதும் கிருமிக்கொல்லி மாத்திரை வாங்கி விழுங்குவதும் நம்மிடையே பெருகியுள்ள தீமை. குழாய் ஒரு மாதம் இருந்தால் ஏறக்குறைய எல்லோருடைய சிறுநீரிலும் கிருமி காணப்படும். நோய்க்குறி இல்லாதபோது மருந்து தேவையில்லை. தேவையின்றி உண்டால் தேவைப்படும் நாளில் மருந்து வேலை செய்யாது. ஆனால் காய்ச்சல், நடுக்கம், புதிய மனக்குழப்பம், இரத்தக் கட்டிகள் ஆகியவை தோன்றினாலோ, சில மணி நேரம் பையில் நீரே இறங்காமல் அடிவயிறு வீங்கினாலோ, குழாய் கழன்று வந்தாலோ ஒரு நொடியும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பலூனின் நீரை வெளியேற்றாமல் குழாயைத் தாமே பிடுங்குவது உள்ளே கிழித்துவிடும். மற்றொன்று: ஒவ்வொரு முறை செல்லும்போதும், 'இக்குழாய் இன்னும் தேவைதானா?' என்று மருத்துவரிடம் கேட்பது நோயாளியின் உரிமை. நிரந்தரக் குழாய்க்கு மாற்றாக, வேளைதோறும் தாமே மெல்லிய குழாயைச் செலுத்தி நீரை இறக்கி எடுத்துவிடும் முறையை 1972இல் ஜாக் லாபிடஸ் என்ற அமெரிக்க மருத்துவர் நிலைநிறுத்தினார். அது சிலருக்குப் பொருந்தும்.

உடலின் துன்பத்திற்கு இத்தனை வழியிருக்க, உள்ளத்தின் துன்பத்திற்கு வழி சொல்ல வேண்டியவர்கள் யார்? நாம்தான். நாம் என்ன சொன்னோம்? 'நஜீஸைச் சுமந்துகொண்டு தொழுகையா? குழாய் எடுத்த பிறகு களாச் செய்துகொள்ளலாம்' என்று அரைகுறையாகக் கற்றவர் ஒருவர் திண்ணையில் அமர்ந்து தீர்ப்பு வழங்குகிறார். அதைக் கேட்ட முதியவர், அறுபதாண்டு விடாத தொழுகையை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடக்கிறார். இதற்கு ஆதாரம் எந்த நூலில் இருக்கிறது என்று நாம் கேட்கிறோம்.

தொடர் உதிரப்போக்கால் வருந்திய ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) அவர்கள் தொழுகையை விட்டுவிடலாமா என்று வினவியபோது, அண்ணலார் (ஸல்) அவர்கள் விட அனுமதிக்கவில்லை. அது நோயென விளக்கித் தொழவே பணித்தார்கள். திருமறையைத் தொகுத்த ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் முதுமையில் சிறுநீர் கட்டுப்படாத நோய்க்கு ஆளாகி, இயன்றவரை சமாளித்து, இயலாதபோது உளூச் செய்து அந்நிலையிலேயே தொழுதார்கள். திருமறையைத் தொகுத்த கரத்துக்குரியவருக்கு இழிவாகாத நோய் நம் வாப்பாவுக்கு மட்டும் இழிவாகுமா?

சட்டமும் தெளிவாகவே உள்ளது. ஷாஃபிஈ மத்ஹபில், வக்து வந்தபின் சுத்தம் செய்து, ஒவ்வொரு பர்ளுக்கும் உளூச் செய்து, தாமதமின்றித் தொழ வேண்டும். ஜமாஅத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கும் தாமதம் மன்னிக்கப்படும். ஹனஃபீ மத்ஹபில் இவர் மஃதூர். ஒரு வக்துக்குச் செய்த உளூ, வேறு காரணத்தால் முறியாதவரை, அந்த வக்து முடியும் வரை செல்லும். தொழுமுன் பையைக் காலி செய்துகொள்வது உடலுக்கும் இலகு, உள்ளத்துக்கும் அமைதி. ஸஜ்தாவில் குழாய் இழுபட்டு வலித்தால் நாற்காலியில் அமர்ந்து தொழலாம். மூல நோயால் வருந்திய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்தும் தொழ நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்களே!

'பள்ளிவாசலுக்குள் சிறுநீர்ப் பையோடு வருவதா?' என்று முகம் சுளிப்போருக்கும் ஒரு சொல். பள்ளியின் தூய்மை காக்கப்பட வேண்டும். அதில் இரு கருத்தில்லை. ஒழுகும் பையோடு எவரும் வரலாகாது. ஆனால் நாயகத்தின் துணைவியருள் ஒருவர் உதிரப்போக்கு நின்றபாடில்லாத நிலையில் அவர்களோடு பள்ளியில் இஃதிகாஃப் இருந்தார். கீழே தட்டு ஒன்று வைக்கப்பட்டிருக்க அவர் தொழுதார் என்று புகாரியில் பதிவாகியிருக்கிறது. திறந்த தட்டுக்கு இடமளித்த மஸ்ஜிதுந் நபவியைவிட, மூடி இறுகிய பைக்கு இடமளிக்க மறுக்கும் நம் பள்ளிவாசல் தூய்மையில் உயர்ந்ததா?

இன்னொரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். மீலாது மேடைகளில் ஏறி, குர்துபாவின் அஸ்ஸஹ்ராவீ அறுவை மருத்துவத்தின் தந்தை என்று முழங்குகிறோம். அடைபட்ட நீரை இறக்க வெள்ளியாலான மெல்லிய, வழவழப்பான குழாயை அவர் தம் 'அத்தஸ்ரீஃப்' நூலில் விவரித்திருக்கிறார். 1037இல் மறைந்த இப்னு ஸீனாவும் 'அல்கானூன்' நூலில், மிருதுவாக வளையும் குழாயே சிறந்தது என்று நோயாளியின் வலியை நினைந்து எழுதினார். அவர்கள் அதற்கு இட்ட பெயர் 'காஸாத்தீர்'. இன்று மருத்துவமனையில் 'கதீட்டர்' என்கிறார்களே, இரண்டும் ஒரே கிரேக்கச் சொல்லின் பிள்ளைகள். அக்குழாயைப் பற்றி எழுதியவரை மேடையில் கொண்டாடுகிறோம். அக்குழாயை அணிந்தவரைப் பின்கட்டில் ஒளிக்கிறோம். முன்னோர் பெருமை பேசுவதற்கு நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

பெரிதாக ஒன்றும் நாம் கேட்கவில்லை. மருத்துவமனையினரே, குழாயோடு ஒருவரை அனுப்புமுன் கால் மணி நேரம் அவரோடும் வீட்டாரோடும் பேசுங்கள். பள்ளி நிர்வாகிகளே, ஸஃப்பின் ஓரத்தில் ஒரு நாற்காலியையும், பையைக் காலி செய்து கை கழுவ வசதியான ஒரு கழிவறையையும் ஏற்படுத்துங்கள். ஆலிம் பெருமக்களே, ஆண்டுக்கு ஒரு ஜும்ஆவிலாவது இச்சட்டத்தை வெளிப்படையாக விளக்குங்கள். பிள்ளைகளே, வாப்பாவின் பையை நீங்களே காலி செய்யுங்கள். உங்கள் ஈரத்துணியை அவர் மாற்றிய நாட்களை எண்ணிப் பாருங்கள். பின்கட்டுக் கட்டிலை முன்னறைக்குக் கொண்டு வாருங்கள்.

நோயாளிச் சகோதரரே, உமக்கும் சொல்கிறோம். வலித்தால் வாய் விட்டுச் சொல்லும். தண்ணீரைக் குறைக்காதீர். வக்து வந்தால் எழுந்து உளூச் செய்யும். உம் உடலோடு இணைந்திருப்பது ஒரு மருந்துக் கருவி. குற்றத்தின் அடையாளம் அன்று. வல்ல அல்லாஹ் நோயுற்றோர்க்கு இலகுவை அருள்வானாக; சொல்ல வேண்டியதைச் சொல்லும் துணிவை நமக்கு அருள்வானாக!